அயிம்மா யாரு டீச்சர்?

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கைப்பட எழுதி, படமும் வரைந்து அனுப்பிய ‘வயலுக்கு வந்த கொக்கு’ கதைப்புத்தகம் கிடைத்தது. பதினாறு பக்கத்தையும் ஒரு முறை நானே படித்தேன். பிறகு இரண்டு நாள், பக்கத்து வீட்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை உட்காரவைத்து அவளைப் படிக்கச் சொன்னேன். இந்தக் கடிதம் பாதி அவள் எழுதியது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் நிற்கிறவர் நீங்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பார்த்து உட்காரவைப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதனால் எனக்கு எரிச்சல் மூட்டிய இடத்துக்கு நேராக வருகிறேன்.

கடைசிப் பக்கத்தில் ஆசிரியருக்கென்று ஒரு குறிப்பு. அதில் ‘அ – இம் – மா’, ‘ப – இட் – டு’ என்று சொல்லைப் பிரித்துக் காட்டியிருக்கிறீர்கள். ஏன் தம்பி? அம்மாவில் ‘இம்’ எங்கே இருக்கிறது?

மெய்யெழுத்து தனியாக வாயில் நிற்காது. அதனால் முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து இக், இங், இச் என்கிறோம். எழுத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட அது போதும். வாசிக்கும்போது அந்த இகரத்தைக் கழற்றிவிட வேண்டும் என்று பிள்ளையிடம் யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் ஐந்து வயதில் அது எப்படிப் புரியும்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். 1983, திருவையாற்றுப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளி. ஜன்னலுக்கு வெளியே வயல், அதில் நடவு நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் பிள்ளை கரும்பலகையில் விரல் வைத்து “அ, இம், மா” என்றாள். சேர்த்துச் சொல்லு என்றேன். “அயிம்மா” என்றாள். சரியாகத்தான் சேர்த்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, “அயிம்மா யாரு டீச்சர்?” என்று கேட்டாள். அவளுடைய அம்மா அப்போது அந்த வயலில்தான் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு என் வகுப்பில் புள்ளி எழுத்தை நான் தனியாக நிற்கவிட்டதே இல்லை.

அது முன்னெழுத்தோடுதான் போக வேண்டும். அம் – மா. பட் – டு. இது என் கண்டுபிடிப்பு இல்லை. அசை பிரிக்கிற புலவர்கள் ஒற்றெழுத்தைத் தனித்து எண்ணுவதே கிடையாது. புளிமாங்காய் என்ற வாய்பாட்டைப் புளி – மாங் – காய் என்றுதான் பிரிப்பார்கள். யாப்புக்கு உதவுகிற இந்த அறிவை ஒன்றாம் வகுப்பு வாசலில் ஏன் செருப்போடு கழற்றி வைக்கிறோம்?

தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற வண்டியின் பலகையைப் பாருங்கள். பட்டுக்கோட்டை. எழுத்துக்கூட்டினால் ஏழு துண்டு. கடைசித் துண்டுக்குப் போவதற்குள் முதல் துண்டு பிள்ளையின் நினைவிலிருந்து நழுவியிருக்கும். கை தட்டிச் சொல்லுங்கள்: பட் – டுக் – கோட் – டை. நாலே தட்டு. ஒரத்தநாட்டில் வேலை பார்த்தபோது என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் ரோட்டோரம் நின்று, போகிற வருகிற பஸ்ஸுக்கெல்லாம் இப்படிக் கை தட்டுவார்கள். கண்டக்டர்கள் தங்களுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து டாட்டா காட்டிவிட்டுப் போவார்கள். 2007-இல் செயல்வழிக் கற்றல் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் வந்தபோது, அதன் பாட அட்டைகளிலும் ஒவ்வொரு தட்டுக்கும் கீழே பென்சிலால் ஒரு வளைகோடு போட்டுவைத்தேன்.

திருக்காட்டுப்பள்ளியில் என் தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்ல வேண்டும். ஆத்திசூடி அவருக்கு முதலில் காதில் ஏறியது, அப்புறம்தான் கண்ணுக்கு வந்தது. அங்கே அடி உண்டு, அதை நான் மெச்சவில்லை. ஆனால் காதுக்கு அவர்கள் கொடுத்த மரியாதையை நாம் கொடுப்பதில்லை.

இன்னொன்று, கொக்கு. அதை ஏன் முதல் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினீர்கள்? கண்ணுக்கு முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். வாயோ மூன்றையும் ஒரே மூச்சில் ‘கொ’ என்று சொல்ல வேண்டும். இடமிருந்து வலமாக விரலை நகர்த்து என்று இப்போதுதான் பழக்கியிருக்கிறோம், உடனே கொம்பைத் தாண்டிப் போய்த் திரும்பி வா என்கிறோம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் லை, னை எழுத்துகளின் தும்பிக்கை போனது பெரிய விடுதலை. கொம்பு மட்டும் இன்னும் முன்னால்தான் நிற்கிறது. போதாததற்கு உங்கள் கையெழுத்தில் காலும் ரகரமும் ஒரே மாதிரி. பக்கத்து வீட்டுப் பிள்ளை “கெரக்கு” என்று படித்தாள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவள் படித்ததுதான் சரி. ரகரத்தின் காலைச் சாய்த்து எழுதுங்கள். மாடு, படி, பாட்டி என்று தொடங்குங்கள். கொக்கு எட்டாம் பக்கத்தில் வந்து இறங்கட்டும், வயல் எங்கேயும் போய்விடாது.

இனி ஆறாம் பக்கம். கதை சொல்லும்போது ‘நாற்று’ என்றும், பாட்டி பேசும்போது ‘நாத்து’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். ‘நாத்து முடிய இப்புடி வீசுடா’ என்கிற வரியில் விரல் வைத்தவள் அப்படியே நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். “இது எங்க அப்பாயி மாரியே பேசுது” என்றாள். திரும்ப முதலிலிருந்து, நான் சொல்லாமலே, தானாகப் படித்தாள். காகிதத்தில் இருப்பது பேச்சு என்று ஒரு பிள்ளைக்குத் தெரிகிற அந்த நிமிஷத்துக்காகத்தான் 35 வருஷம் வேலை பார்த்தேன். அதை எத்தனையோ வகுப்பில் எவ்வளவோ பாடுபட்டு வரவழைத்திருக்கிறேன். நீங்கள் ஒரே வரியில் வரவழைத்துவிட்டீர்கள். அன்று சாயங்காலம் அந்தப் பக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன்.

புத்தகத்தைத் திருப்பி அனுப்புகிறேன். எல்லாச் சொல்லுக்கும் கீழே பென்சிலால் வளைகோடு போட்டிருக்கிறேன். ஆறாம் பக்கத்தில் மட்டும் பென்சில் வைக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர் அக்கா