3 கிலோவாட் சோலார்: மூணாவது கிலோவாட் உங்களுக்குத் தேவையா?



போன வாரம் நண்பர் ஒருத்தர் சோலார் கொட்டேஷன் ஒண்ணு அனுப்பினார். ஓரகடத்தில் கார் கம்பெனியில் ஷிப்ட் வேலை, படப்பையில் சொந்த வீடு. "எல்லாரும் 3 கிலோவாட்தான் போடுறாங்க, மானியம் ₹78,000 முழுசா வரும்கிறாங்க. பொண்ணு படிப்புக்குப் போட்ட எஃப்.டி.யை உடைச்சிடலாமா?"ன்னு கேட்டார். எஃப்.டி.யைத் தொடுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கணக்கு போடுவோம்னு சொன்னேன். அந்தக் கணக்குதான் இன்னைக்குப் பாடம்.

மானியம் எப்படி வருது?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா ₹30,000. மூணாவதுக்கு ₹18,000 மட்டும். அதுக்கு மேல எவ்வளவு போட்டாலும் மொத்தம் ₹78,000தான். முழுப் பணத்தையும் முதலில் நீங்க கட்டணும், மானியம் பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும்.

தமிழ்நாட்டு பில்லின் சூட்சுமம்

நமக்கு இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். அதுக்கு மேல படிப்படியா ரேட் ஏறும். 2024 ஜூலை கட்டணப்படி 500 யூனிட்டுக்குள்ள இருந்தா 101–200க்கு ₹2.35, 201–400க்கு ₹4.70, 401–500க்கு ₹6.30. 500ஐத் தாண்டினா ₹2.35 சலுகை போயிடும், 101–400 முழுக்க ₹4.70. பிறகு 600 வரை ₹8.40, 800 வரை ₹9.45, 1000 வரை ₹10.50, அதுக்கு மேல ₹11.55.

நெட் மீட்டரில் சோலார் யூனிட் கழிஞ்சு மிச்சத்துக்குத்தான் பில். அதனால முதல் கிலோவாட் உங்க விலை உயர்ந்த யூனிட்டுகளை வெட்டும். கடைசி கிலோவாட் மலிவான யூனிட்டுகளைத்தான் வெட்டும்.

நண்பர் வீட்டுக் கணக்கு

இரண்டு மாசத்துக்கு 800 யூனிட், பில் ₹4,770. ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், அதாவது இரண்டு மாசத்துக்கு 240. விலை கிலோவாட்டுக்கு ₹60,000ன்னு வச்சுக்குவோம்.

- முதல் கிலோவாட்: பில் ₹2,544 ஆகும். வருஷ மிச்சம் ₹13,356. மானியம் போக முதலீடு ₹30,000. 2.2 வருஷத்தில் திரும்பும்.
- இரண்டாவது: பில் ₹799. வருஷ மிச்சம் ₹10,470. முதலீடு ₹30,000. 2.9 வருஷம்.
- மூணாவது: பில் பூஜ்யம். வருஷ மிச்சம் ₹4,794. முதலீடு ₹42,000. 8.8 வருஷம்!

விற்பவர் மூணையும் சேர்த்து "மூன்றரை வருஷத்தில் காசு திரும்பிடும்"னு சொல்வார். பொய் இல்லை, சராசரி. ஆனா அந்தச் சராசரிக்குள்ள 8.8 வருஷம் ஒளிஞ்சிருக்கு. நண்பர் 2 கிலோவாட்டில் நிறுத்திக்கிட்டார். ஆரம்பத்தில் கட்ட வேண்டிய பணத்தில் ₹60,000 குறைஞ்சுது, எஃப்.டி. தப்பிச்சுது.

இதில் யூனிட் கட்டணம் மட்டும்தான் இருக்கு. பில்லில் வேற கட்டணம் வந்தா அதையும் சேர்த்துப் பாருங்க.

உங்க வீடு வேற மாதிரி இருந்தா?

இரண்டு ஏ.சி., 1200 யூனிட் ஓடுற வீட்டில் இதே மூணாவது கிலோவாட் 3 வருஷத்தில் காசைத் திருப்பிடும். தாராளமா போடலாம். இ.வி. ஸ்கூட்டர் வாங்கப் போறீங்கன்னா அந்த யூனிட்டையும் கூட்டிக்கோங்க.

400 யூனிட் வீட்டுக்கு பில் ₹1,175தான். முதல் கிலோவாட்டே கிட்டத்தட்ட 5 வருஷம் எடுக்கும், இரண்டாவது வேண்டவே வேண்டாம். வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கம் லைன் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் கவனிங்க: மாடி உங்களுது, ஆனா மீட்டர் தனித்தனி. ஒரு மீட்டரில் இணைச்ச சோலார் மத்த மீட்டர் பில்லைக் குறைக்காது.

கையெழுத்துக்கு முன்னாடி

1. ஜி.எஸ்.டி. பாருங்க. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பொருட்களுக்கு 12% இல்லை, 5%. வேலைக்கூலி சேர்த்து மொத்தத்தில் 8.9% வரணும். 13.8%ன்னு இருந்தா அது பழைய கணக்கு, திருத்தச் சொல்லுங்க.
2. மானியத்துக்கு இந்தியாவில் தயாரான செல் உள்ள டி.சி.ஆர். பேனல் கட்டாயம். பில்லில் அதை எழுதி வாங்குங்க.
3. கரண்ட் போனா சோலாரும் நிக்கும். லைனில் வேலை செய்றவர் பாதுகாப்புக்காக இன்வெர்ட்டர் தானே அணைஞ்சுடும். பவர் கட்டுக்கு பேட்டரி தனிச் செலவு.

மாட்டியாச்சு, பில் குறையலையா?

- முதலில் இருவழி மீட்டர் மாத்தியாச்சான்னு பாருங்க. பழைய மீட்டரே இருந்தா நீங்க வெளியே அனுப்புற யூனிட்டுக்குக் கணக்கே கிடையாது.
- வெயில் நாளில் மதியம் 12 மணிக்கு இன்வெர்ட்டர் பூஜ்யம் காட்டினா, ஏ.சி. பக்க எம்.சி.பி. விழுந்திருக்கான்னு பாருங்க. எங்க வீட்டிலேயே மழைக்காலத்தில் 19 நாள் கவனிக்காம விட்டேன். 2 கிலோவாட்டுக்கு 152 யூனிட் போச்சு! தூக்கிவிட்டும் திரும்ப விழுந்தா நீங்க கை வைக்காதீங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.
- கிரிட் வோல்டேஜ் எரர் அடிக்கடி வந்தா தெரு லைனில் வோல்டேஜ் ஏறுதுன்னு அர்த்தம். மின்னகம் 94987 94987ல் புகார் பதிவு செய்யுங்க.
- உற்பத்தி மெல்ல மெல்லக் குறைஞ்சா தூசி. வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டில் லாரி ஓடுற ஓட்டத்துக்கு இது சகஜம். பேனல் சூடாகும் முன், காலையில் வெறும் தண்ணியில் கழுவுங்க.
- தினமும் ஒரே நேரத்தில் குறைஞ்சா நிழல். புதுசா வச்ச தண்ணி டேங்க், வளர்ந்த முருங்கை மரம் எதுவா இருந்தாலும் சரி.
- பேனலில் இருந்து வரும் டி.சி. ஒயரை நீங்களே கழட்டாதீங்க. மெயினை அணைச்சாலும் வெயில் இருக்கும்வரை அதில் மின்சாரம் இருக்கும்.

தினமும் சாயங்காலம் ஆப்பில் அன்னைய யூனிட்டைப் பார்க்கிற பழக்கம் போதும், பாதிப் பிரச்சினை மறுநாளே தெரிஞ்சிடும்.

கடைசி ஆறு ஈ.பி. பில்லை எடுத்து வச்சுக்கோங்க. இதே கணக்கை வீடியோவில் படிப்படியா போட்டுக் காட்டுறேன். உங்க யூனிட்டை வச்சு நீங்களும் கூடவே போடுங்க. கொட்டேஷன் அதுக்கப்புறம் வாங்கலாம்!