செங்காங்கில் சமூகப் பணியாளரைத் தேடுகிறீர்களா? சில பயனுள்ள குறிப்புகள்

வீட்டில் ஒருவர் மனம் உடைந்து கிடக்கும்போது கையில் கிடைத்த தனியார் ஆலோசகரிடம் ஓடி, பில்லைப் பார்த்தபின் காப்புறுதியை நினைப்பவர்கள் நம்மில் அதிகம். வரிசையை மாற்றினால் பணமும் அலைச்சலும் மிச்சம்.

1. முதலில் குடும்பச் சேவை நிலையம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு நிலையம் உண்டு. உங்கள் அஞ்சல் குறியீட்டை ‘சப்போர்ட்கோவேர்’ இணையத்தளத்தில் தட்டினால் எது உங்களுடையது என்று தெரியும். பக்கத்து புளோக்கின் நிலையமே உங்களுடையதாகவும் இருக்க வேண்டும் என்பதில்லை. வசதி குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணம் கிடையாது. காப்புறுதிப் பேச்சே எழாது. பண நெருக்கடியும் சேர்ந்திருந்தால் காம்கேர் 1800-222-0000.

2. தமிழில் பேச வேண்டும் என்று முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். அப்பாவின் குடியைப் பற்றி அம்மா சொல்வதைப் பத்து வயதுப் பிள்ளை எடுத்துச் சொல்வது கொடுமை. லிட்டில் இந்தியா பக்கம் பீட்டி சாலையில் உள்ள சிண்டாவையும் (1800 295 4554) கேட்கலாம்.

3. உறவினர் செங்காங் பொது மருத்துவமனையில் படுத்திருந்தால், மருத்துவச் சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று வார்டு தாதியிடம் கேளுங்கள். கட்டணம் கட்ட முடியாத சிங்கப்பூரர்களுக்கு உதவும் மெடிஃபண்ட் விண்ணப்பம் அவர் வழியாகத்தான் போகும். வீடு திரும்பும் நாளுக்கு முன்பே கேட்பது நல்லது.

4. மனநல மருத்துவரிடம் போக வேண்டியிருந்தால் பலதுறை மருந்தகம் வழியாகப் போங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் போகும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம். நேரே தனியார் நோயாளியாகப் போய்ச் சேர்ந்தால் முழுக் கட்டணம்.

5. காப்புறுதியைப் பற்றி “கவர் ஆகுமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு வரும் “ஆகும்” எதற்கும் உதவாது. தனித்தனியாகக் கேளுங்கள்: வெளிநோயாளி ஆலோசனைக்கு உண்டா, மருத்துவமனையில் தங்கினால் மட்டுமா? மருத்துவர் அல்லாத சமூகப் பணியாளரின் கட்டணத்தை ஏற்பார்களா? இந்த மருந்தகம் உங்கள் பேனலில் இருக்கிறதா? பரிந்துரைக் கடிதம் வேண்டுமா? ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டங்கள் பெரும்பாலும் மருத்துவமனைச் செலவுக்கானவை. அலுவலகக் காப்புறுதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். மருந்தகத்துக்கும் தனியாக அழைத்துக் கேளுங்கள், பேனல் பட்டியல்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

6. மெடிசேவ் எல்லா ஆலோசனைக்கும் செல்லாது. மனச்சிதைவு, கடும் மனச்சோர்வு, இருமுனை மனநோய், பதற்ற நோய் ஆகிய நான்குக்கும், திட்டத்தில் சேர்ந்த மருந்தகங்களில், மெடிசேவ் 500/700 வழியாகப் பயன்படுத்தலாம். பொதுவாகப் பில்லில் 15 விழுக்காட்டை நீங்கள் கட்ட வேண்டும். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகளின் கணக்கும் உதவும்.

7. தனியாரிடம் போவதானால், சிங்கப்பூர் சமூகப் பணியாளர் சங்கத்தின் பதிவு பெற்ற சமூகப் பணியாளர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல பணியாளர் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார். ஒரு அமர்வுக்கு எவ்வளவு, வராமல் போனால் எவ்வளவு என்பதையும் முதலிலேயே கேளுங்கள்.

8. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு மெடிசேவ், மெடிஃபண்ட் இல்லை. முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்பது 2023 ஜூலை முதல் விதி. ஆனால் அது மருத்துவமனையில் தங்குவதற்கும் பகல்நேர அறுவை சிகிச்சைக்கும்தான். மனம் விட்டுப் பேச ஹெல்த்சர்வின் 24 மணி நேர எண் 3129 5000. உங்கள் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் ஊர்த் தம்பிகளுக்கும் இந்த எண்ணைக் கொடுங்கள்.

9. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் காப்புறுதியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 995, அல்லது சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767. இரண்டையும் இப்போதே கைப்பேசியில் பதிந்துவிடுங்கள்.