வக்கீல் செலவுக்குக் கடன் வேண்டாம்



ஜீவனாம்ச வழக்குக்கு வக்கீல் பீஸ் கட்ட, உறுப்பினர் ஒருவர் குழுவில் கடன் கேட்டார். "இலவச வக்கீல் இருக்காங்களேம்மா!" என்றோம். "யாருமே சொல்லலையே" என்றார். கூட்டத்தில் நாங்கள் சொல்லாதது எங்கள் தப்புதான்.

1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். தாலுகா கோர்ட்டில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். எழுதத் தெரியாதா? வாயால் சொன்னாலே எழுதிக்கொள்வார்கள்.

தீர்மான நோட்டின் பின்அட்டையில் எழுதி வையுங்கள்:

சட்ட உதவி – 15100
பெண்கள் பாதுகாப்பு – 181
குழந்தைகள் – 1098
முதியோர் – 14567

கூட்டத்தில் பேச: நம்ம தெருவில் இன்றைக்கு இந்த எண் யாருக்குத் தேவை? அவரிடம் யார் போய்ச் சொல்வது?