நோட்டீஸில் தேதி எங்கே, அம்மணி?



போன வாரம் உன் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டிய இரண்டு பக்க அறிவிப்பு என் கைக்கும் வந்து சேர்ந்தது. யார் அனுப்பினார்கள் என்று விசாரிக்காதே. பேக்கிங் செக்‌ஷனில் ஒருவர் போனில் படம் எடுத்தால் சாயங்காலத்துக்குள் அவிநாசி தாண்டிவிடுகிற ஊர் இது. உன் அப்பாவிடம் உள்ள பழக்கத்துக்கு உன்னை வீட்டில் பார்த்தே சொல்லியிருக்கலாம். ஆனால் அமெரிக்க வரி அமலான 2025 ஆகஸ்ட் 27-க்குப் பிறகு திருப்பூரில் இதே சாயலில் நாலைந்து நோட்டீஸ்களைப் பார்த்துவிட்டேன். அவற்றில் நன்றாக எழுதப்பட்டது உன்னுடையதுதான். அதனால்தான் எனக்குக் கோபமும் உன் மேலேயே அதிகம். பத்திரிகையிலேயே எழுதிவிடுகிறேன், மற்றவர்களும் படிக்கட்டும். உன் பெயரோ கம்பெனி பெயரோ இதில் வராது.

அன்று முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது; பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20. திருப்பூர் ஏற்றுமதியில் முப்பது சதவீதத்துக்கு மேல் அமெரிக்காவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பையரிடம் தள்ளுபடி பேசுவது, பேக்கிங் கிரெடிட்டுக்கு பேங்கில் தவணை கேட்பது, ஐரோப்பா ஆர்டருக்கு அலைவது, எந்தத் துணியைக் கட்டிங் மேஜைக்கு அனுப்பாமல் நிறுத்தி வைப்பது என்பதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். அதில் நான் வாய் திறக்கப் போவதில்லை. நான் வந்தது அந்த இரண்டு பக்கத்துக்காக.

'தீபாவளி போனஸ் குறித்து உரிய நேரத்தில் அறிவிக்கப்படும்.'

இந்த வரியில்தான் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறியது. உரிய நேரம் எது? யார் அறிவிப்பார்? போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று சட்டம் சொல்கிறது. கம்பெனி நட்டத்தில் ஓடினாலும் அது உண்டு. இன்னொன்றையும் கவனி: இந்த 2025 தீபாவளிக்கு நீ கொடுப்பது போன கணக்கு ஆண்டின் போனஸ். அந்தக் கணக்கு 2025 மார்ச் 31-ல் முடிந்துவிட்டது. அமெரிக்க ஜனாதிபதி நாடுவாரியாக வரி வாசித்தது ஏப்ரல் 2-ல். வரிக்கு முன்னால் தைத்துக் கொடுத்த பீஸுக்கான கூலியில் வரியைக் காட்டி மழுப்புகிறாய். டெய்லருக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது என்று உன் ஆபீஸில் யாராவது சொல்லியிருந்தால், பஞ்சப்படிக்காக 1984-ல் 127 நாள் ஸ்டிரைக் நடத்திய ஊர் இது என்று அவரிடம் சொல். நான் அப்போது ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதும் பையன். பஞ்சப்படி எத்தனை பைசா ஏறினால் வாரத்துக்கு எவ்வளவு வரும் என்பதை என் பேரேட்டைவிட வேகமாகக் கைமடிக்கும் பெண்கள் சொல்வார்கள்.

நீ எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: '8.33 சதவீதம் உறுதி. போன வருஷம் அதற்கு மேல் கொடுத்ததை இந்த வருஷம் கொடுக்க முடியாது. அக்டோபர் 11 சனிக்கிழமை எல்லாருக்கும் கிடைத்துவிடும்.' முணுமுணுப்பு இருக்கும். யூனியன்காரர்கள் பேச வருவார்கள். வரட்டும், உட்கார்ந்து பேசு. எவ்வளவு, என்றைக்கு என்று தெரிந்தவன் அதற்கேற்ப வீட்டில் கடனைத் தள்ளிப்போடுவான், பிள்ளைக்குத் துணி எடுப்பதைக் குறைப்பான், ஏதோ ஒன்று செய்துகொள்வான். தெரியாதவன் செய்ய முடிந்தது ஒன்றுதான்: பக்கத்துக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்பது.

சனிக்கிழமை என்றதும் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். கிழவன் தன் பாட்டை ஆரம்பித்துவிட்டான் என்பார்கள். சிரிக்கட்டும். வாரச் சம்பளத்தில்தான் இந்த ஊர் வளர்ந்தது. மளிகைக் கடைப் பாக்கி, சீட்டு, பிள்ளைகளின் டியூஷன் காசு எல்லாம் சனிக்கிழமை ராத்திரியில் தீரும். உன் கம்பெனி மாதச் சம்பளத்துக்கும் பேங்க் கணக்குக்கும் மாறிவிட்டது. நல்ல ஏற்பாடுதான், திருட்டு பயமில்லை, ஒளிவுமறைவில்லை. ஆனால் அதோடு ஒரு பழக்கமும் போய்விட்டது. ஏழு நாளுக்கு ஒரு தடவை முதலாளி தன் ஆட்களுக்கு முன்னால் வந்து நின்றே ஆக வேண்டிய கட்டாயம் அது. பணம் புரளவில்லை என்றால் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லித்தான் ஆக வேண்டும். இப்போது சர்வர் கோளாறு என்று ஒரு மெசேஜ் அனுப்பினால் போதும்.

கணக்கும் சனிக்கிழமையில்தான் போட வேண்டும். புது ஆர்டர் ஒன்றுகூட வராது, வர வேண்டிய பணத்தில் பாதிதான் வரும் என்று வைத்துக்கொண்டு, எத்தனை சனிக்கிழமை கூலி கொடுக்க முடியும்? நெருக்கடியில் ஒரு கம்பெனியை நடத்துகிறவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டிய எண் அது. உன் ஆபீஸ் மாடியில் இப்போது பெரிய திரை மாட்டி, டாலர் விலையும் பஞ்சு விலையும் ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். அந்த எண்ணை அதில் ஒரு மூலையில் போடு.

முதலாளி நேரில் வந்து நின்ற ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன். 2011 ஜனவரி 28 உனக்கு ஞாபகம் இருக்காது, படித்துக்கொண்டிருந்திருப்பாய். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட நாள். 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கும் சொல்லவில்லை. நொய்யலில் நாம் விட்ட தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் கிணற்றையும் காட்டையும் கெடுத்திருந்தது. பாசனத்துக்கென்று கட்டிய அணை சாயக் குட்டையாகிவிட்டது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனது நியாயம். ஆனால் மறுநாள் காலை கம்பெனிக்குள் நுழைந்தால், நிட்டிங்கிலிருந்து வந்த வெள்ளைத் துணி உருளைகள் கூரை வரை நிற்கின்றன. சாயம் போட இடமில்லை. கப்பல் தேதி நெருங்குகிறது.

நான் அப்போது மேனேஜராக இருந்த இடத்தின் முதலாளி பள்ளிக்கூடத்தைச் சரியாகத் தாண்டாதவர். மேடைப் பேச்சு வராது. உத்தரவு வந்தது வெள்ளிக்கிழமை. மறுநாள் சாயங்காலம் எல்லாரையும் கட்டிங் மேஜைகளைச் சுற்றி நிற்கவைத்தார். "சாயம் எப்பக் கெடைக்கும்னு எனக்குத் தெரியாது. ஏற்கெனவே சாயமேறின துணி மூணு வாரத்துக்கு வரும். திங்கக்கிழமையிலிருந்து ஒன்றரை ஷிப்ட் இல்லை, எல்லாருக்கும் ஒரு ஷிப்ட்தான், ஆபீஸுக்கும் சேர்த்துத்தான். யாரையும் நிறுத்தலை. அடுத்த சனிக்கிழமை இதே எடத்துல சொல்றேன்." அவ்வளவுதான் பேச்சு. அடுத்த சனிக்கிழமை சொல்வதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லை. நான் அவரை வரவேண்டாம் என்றேன். வந்து, "இன்னும் ஒண்ணும் தெரியலை" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கடுத்த வாரங்களில் துணியை வெளிமாநிலத்துக்கு லாரியில் அனுப்பிச் சாயமேற்றி வந்தோம். ஷேடு ஒத்துப்போகாமல் பாதி தள்ளுபடியானது, அது தனிக் கதை.

ஆட்கள் போகவில்லையா? போனார்கள். ஆனால் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே போகிறோம், என்ன நம்பர் என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். சாயம் திரும்பக் கிடைத்தபோது யாரைக் கூப்பிட வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்பு, 2008-ல், டாலர் மேல் டெரிவேட்டிவ் என்று பேங்க்காரர்கள் நீட்டிய பேப்பரில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட இன்னொரு முதலாளியையும் எனக்குத் தெரியும். கடைசி வாரம் வரை 'ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை' என்றே சொன்னார். ஆட்கள் கேட்டில் ஒட்டியிருந்த பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். பிறகு அவர் வேறு பெயரில் ஆரம்பித்தபோது பவர் டேபிளுக்கு ஆள் கிடைக்கவில்லை.

உன் நோட்டீஸில் எரிச்சலூட்டிய இன்னொரு இடம் அடியில் இருக்கிறது: 'இப்படிக்கு, நிர்வாகம்.' நீ எங்கே போனாய்? மேலே எல்லாம் 'முடிவு எடுக்கப்பட்டுள்ளது', 'மாற்றியமைக்கப்படும்'. எடுத்தது நீதானே? பெயர் இல்லாத பேச்சு என்ன செய்யும் என்பதை 2023 மார்ச்சில் நீயே பார்த்தாய். பீகார் ஆட்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் போனுக்குப் போன் பறந்தன. ரயில்வே ஸ்டேஷனில் கூட்டம். பீகார் அரசு அதிகாரிகளே இங்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வாரம் எந்தக் கம்பெனியில் ஆட்கள் நின்றார்கள்? சூப்பர்வைசரோ முதலாளியோ ராத்திரி ஹாஸ்டலுக்குப் போய் உட்கார்ந்து பேசிய இடங்களில். வதந்திக்குக் கையெழுத்துக் கிடையாது. அதை அடிக்க வந்த காகிதத்திலும் கையெழுத்து இல்லையென்றால் இரண்டையும் ஒரே கண்ணால்தான் படிப்பார்கள். தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் அச்சடித்திருக்கிறாய். மூன்றிலும் உன் பெயர் இல்லை.

இங்கிலாந்தோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தைப் பற்றிய பத்தியையும் எடுத்துவிடு. 2025 ஜூலை 24-ல் கையெழுத்தானதுதான், ஆனால் கையெழுத்தானதும் நடைமுறைக்கு வந்துவிடவில்லை. பேங்க்காரரிடம் அதைச் சொல். செக்கிங் மேஜையில் நிற்கும் பெண்ணிடம் சொல்லாதே. அவள் வீட்டு வாடகை ஐந்தாம் தேதி.

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்வதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது. இரண்டாம் பக்கத்தின் அடியில், யாரும் படிக்காத இடத்தில், ஒன்று எழுதியிருக்கிறாய்: 'ஷிப்ட் குறைந்தாலும் மெஸ் மூன்று வேளையும் நடக்கும். ஹாஸ்டலை யாரும் காலி செய்ய வேண்டாம். டிசம்பர் 31 வரை வாடகைப் பிடித்தம் இல்லை.' கண்ணு, இந்த ஊரில் முதலாளிகள் எழுதி நான் படித்ததில் இதைவிட நல்ல மூன்று வரி எனக்கு ஞாபகமில்லை. உன் அப்பா நல்ல மனுஷன்தான், ஆனால் இதை எழுதியிருக்க மாட்டார். வாயால் சொல்லியிருப்பார், பிறகு செலவைப் பார்த்துப் பின்வாங்கியும் இருப்பார். நீ தேதி போட்டு, உன்னையே கட்டிப்போட்டுக்கொண்டாய். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது மறுவாரமே மெஸ்ஸைப் பூட்டியவர்கள் இருந்தார்கள். அவர்கள்தான் பிறகு ஒடிசாவுக்கு பஸ் அனுப்பி ஆள் தேடினார்கள். அந்த மூன்று வரியை நீதான் எழுதினாய் என்பது எனக்குத் தெரிகிறது. மீதியை எந்த ஆலோசகர் எழுதினார் என்று கேட்கமாட்டேன். அவருக்குக் கொடுத்த பணத்தில் இரண்டு மாதம் மெஸ்ஸுக்கு அரிசி வாங்கியிருக்கலாம்.

அந்த மூன்று வரியை மேலே தூக்கிப் போடு. அதற்குக் கீழே போனஸ் தொகை, அக்டோபர் 11, ஷிப்ட் எப்படி, எந்தச் சனிக்கிழமை நீ தளத்துக்கு வந்து பேசுவாய், கடைசியில் உன் கையெழுத்து. ஒரு பக்கம் போதும். இந்த வாரமே ஒட்டு. 18-ஆம் தேதி கொடுத்தால் போதாதா என்று ஆபீஸில் கேட்பார்கள், போதாது. தீபாவளி 20-ல், சத் பூஜை 25-ல் ஆரம்பிக்கிறது, பீகார்க்காரர்கள் அதற்கு முன்பே ரயிலேறிவிடுவார்கள். ரயிலில் 60 நாளுக்கு முன்பே புக்கிங் திறந்துவிடுகிறது, ஆகவே போகிற டிக்கெட்டை எல்லாரும் எடுத்திருப்பார்கள். திரும்பி வருகிற டிக்கெட் எடுத்திருக்கிறார்களா என்று மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்து கேட்டுப் பார். எடுக்காதவர்களுக்குக் கம்பெனி செலவில் எடுத்துக் கொடு. ஒரு ஸ்லீப்பர் டிக்கெட், புது டெய்லரைப் பிடித்துப் பழக்கும் செலவைவிடக் குறைவு.