நம்பிக்கைகளும் உண்மைகளும்: மைனஸ் 90 கதை

மட்டக்களப்பில் மார்கழி மழை. வெள்ளம் வடிய முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்களா என்று ஆளுக்காள் விசாரித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை. நடுவில் ஒரு பெண், இடுப்பில் வார் கட்டிச் சறுக்குவண்டி இழுக்கிறாள். எட்டிப் பார்த்த பெரியம்மா சொன்னார்: "நம்மட பொம்புளைகளுக்கு உதெல்லாம் சரிவராது புள்ள. உடம்பு பழுதாப் போனா மறுகா ஆர் முடிக்கிறது?"

படத்துக்குக் கீழே இருந்த குறிப்போ வானளாவப் புகழ்ந்தது. மைனஸ் 90 பாகைக் குளிரில் நடந்து தென் துருவத்தைத் தொட்ட முதல் இந்தியப் பெண்ணாம். பெரியம்மாவிடம் இரண்டு பிழை, படக்குறிப்பிலும் இரண்டு பிழை. முதலில் படக்குறிப்பைப் பார்ப்போம். அதைத்தான் படித்தவர்களும் நம்பிப் பகிர்கிறார்கள்.

"முதல் இந்தியப் பெண்"

படத்திலிருப்பவர் ஹர்பிரீத் சாண்டி. பஞ்சாபிக் குடும்பம்தான், ஆனால் பிறந்தது இங்கிலாந்தின் டார்பி நகரில். பயணங்களின்போது பிரித்தானிய இராணுவத்தில் இயன்மருத்துவ அதிகாரியாக இருந்தார். 2022 ஜனவரி 3ஆம் திகதி, 40 நாட்களில் 1,100 கிலோமீற்றருக்கு மேல் தனியாக நடந்து துருவத்தை அடைந்தார். அடுத்த பருவத்தில் மறுபடி போய், 70 நாட்களில் 1,485 கிலோமீற்றர் நடந்தார். அந்தாட்டிக்காவைக் குறுக்கே கடப்பதுதான் அந்தத் தடவை நோக்கம், அது கைகூடவில்லை. இதையும் சேர்த்துச் சொல்வதால் அவர் பெருமை குறையாது.

பனிச்சறுக்கில் போய்த் தென் துருவத்தைத் தொட்ட முதல் இந்தியப் பெண் ரீனா கௌஷல் தர்மசக்து. 2009 டிசம்பர் 29ஆம் திகதி, பொதுநலவாய நாடுகளின் பெண்கள் அணியில் சுமார் 900 கிலோமீற்றர் போய்ச் சேர்ந்தார். அவருக்கும் முன்னால், 1983இல் கோவாவிலிருந்து புறப்பட்ட இந்தியாவின் மூன்றாவது அந்தாட்டிக்கப் பயணத்தில் புவியியலாளர் சுதிப்தா சென்குப்தாவும் கடலியலாளர் அதிதி பந்த்தும் கப்பலேறியிருந்தார்கள்.

"மைனஸ் 90"

இந்த எண் எங்கிருந்து வந்தது? மங்களா மணி என்ற இஸ்ரோ விஞ்ஞானி, 56 வயதில், இந்தியாவின் பாரதி ஆய்வுநிலையத்தில் 403 நாட்கள் தங்கினார். 2016 நவம்பரில் போன 23 பேர் அணியில் அவர் ஒருவர்தான் பெண். துருவ வழியே சுற்றும் செய்மதிகளின் தரவை அங்கிருந்து இறக்கி அனுப்புவது அவர் வேலை. அந்தச் செய்தி வந்தபோது சில இடங்களில் மைனஸ் 90 என்று எழுதினார்கள். பூமியில் நிலையமொன்றில் அளந்த ஆகக் குறைந்த வெப்பநிலையே மைனஸ் 89.2 பாகைதான், 1983 ஜூலை 21ஆம் திகதி, கண்டத்தின் உள்ளே, மூன்றரைக் கிலோமீற்றர் உயரத்தில் உள்ள வொஸ்டொக் ஆய்வுநிலையத்தில் பதிவானது. பாரதி இருப்பதோ கடற்கரையில். அங்கே அந்தக் குளிர் வராது.

இன்னொன்று. பாரதி ஏதோ உலகத்தின் வேறு மூலையில் இல்லை. கல்லடிப் பாலத்தில் நின்று நேர் தெற்கே பார்த்து, கொஞ்சம் மேற்கே திரும்பினால் அந்தத் திசைதான். இடையில் இலங்கைக் கரைக்கு அப்பால் முழுக்கக் கடல்.

நடைப்பயணிகளும் மைனஸ் 90இல் நடப்பதில்லை. அவர்கள் போவது நவம்பரிலிருந்து ஜனவரி வரை. நமக்கு மாரி, அங்கே கோடை, சூரியன் மறையாது. டிசம்பரில் துருவத்தில் மைனஸ் 30ஐ ஒட்டி இருக்கும். காற்று சேர்ந்தால் அதுவே போதும், முகத்தோல் கருக. எண்ணை ஊதிப் பெருப்பிக்கத் தேவையில்லை.

உண்மையில் வியக்க வேண்டியதை யாரும் எழுதுவதில்லை. தென் துருவம் கடல்மட்டத்திலிருந்து 2,835 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமது பீதுருதாலகாலை 2,524 மீற்றர்தான். கரையிலிருந்து புறப்படுகிறவர் மட்டமான பனிவெளியில் நடப்பதாகப் படம் காட்டும். ஆனால் அவர் வாரக்கணக்காக ஏற்றம் ஏறுகிறார், 80, 90 கிலோ பாரத்தையும் இழுத்துக்கொண்டு. ஒக்சிசனும் போகப்போகக் குறையும்.

"வெயிலில் பிறந்தவளுக்குக் குளிர் ஒத்துவராது"

இனிப் பெரியம்மாவின் முறை. "நம்மட பொம்புளைகளுக்குச் சரிவராது" என்று அவர் சொன்னதன் பொருள் இதுதான். ரீனா போன அதே அணியில் புருணையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பெண்கள் இருந்தார்கள். மட்டக்களப்பைப் போலப் புழுக்கமான ஊர்கள் அவை. அணிக்குத் தெரிவாகும்வரை பனியையே கண்டிராதவர்கள் அதில் இருந்தார்கள். தலைவி ஃபெலிசிட்டி ஆஸ்டன் அவர்களைப் பழக்கித்தான் கூட்டிப் போனார். எவரெஸ்ட் உச்சியில் கால்வைத்த முதல் இலங்கையர் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஆண் பெயரைத் தேடுவார்கள். 2016 மே 21ஆம் திகதி ஏறிய ஜயந்தி குரு உதும்பால, ஒரு பெண்.

குளிரைத் தாங்குவது பிறந்த ஊரைவிட உடுப்பைப் பொறுத்தது. அதிலும் அங்கே பெரிய எதிரி வியர்வை. வேகமாக இழுத்தால் வியர்க்கும். வியர்த்த உள்ளுடுப்பு நின்றவுடன் ஐஸாகும். அதனால் புறப்படும்போது கொஞ்சம் குளிருகிற அளவுக்கே உடுத்து, சூடேறுமுன் ஓர் அடுக்கைக் கழற்றி, நின்ற கணத்தில் திரும்பப் போடுவார்கள். நாள் முழுக்க இதே வேலை. பலத்தைப் பற்றியும் ஒரு சொல்: கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர்களைப் பாருங்கள். குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைச் சாய்த்து, காலாலும் இடுப்பாலும் இழுப்பார்கள். சறுக்குவண்டியும் அப்படித்தான், என்ன, முன்னோக்கிச் சாய வேண்டும். சாண்டி ரயர்களை இடுப்பில் கட்டி இழுத்துத்தான் பழகினார். வேகச் சாதனை இன்னும் ஆண்களிடம்தான் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை.

"உடம்பு பழுதாகும்"

இதைப் பெரியம்மா மட்டும் சொல்லவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு ஆகாது என்பது இதன் மறுபெயர். 2018 ஜனவரியில் பிரித்தானிய இராணுவப் பெண்கள் ஆறு பேர் 62 நாட்களில் சுமார் 1,700 கிலோமீற்றர் நடந்து அந்தாட்டிக்காவைக் கடந்தார்கள். போகுமுன்னும் வந்தபின்னும் அவர்களை ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்தார்கள். உடலில் கொழுப்புக் கணிசமாகக் கரைந்திருந்தது. தசை குறையவில்லை, இனப்பெருக்க ஹோர்மோன்களின் இயக்கமும் கெடவில்லை. ஆறு பேரை வைத்து உலகப் பெண்களுக்கெல்லாம் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் ஒருவரையும் பரிசோதிக்காமல் எழுதிய தீர்ப்பைவிட இது மேல்.

அப்படியானால் தடுத்தது என்ன?

1914இல் மூன்று இளம்பெண்கள் துருவப் பயணி ஷக்கில்டனுக்குக் கடிதம் எழுதி, தங்களையும் அந்தாட்டிக்காவுக்குக் கூட்டிப் போகக் கேட்டார்கள். பெண் உடை இடைஞ்சலென்றால் ஆண் உடை போடவும் தயார் என்றார்கள். பெண்களுக்கு இடமில்லை என்று பதில் வந்தது. அமெரிக்கக் கடற்படை 1969 வரை பெண்களை அங்கே ஏற்றிப் போக மறுத்தது. அந்த வருடம் நவம்பரில் ஆறு பெண்கள் விமானத்தில் துருவத்துக்குப் போனபோது, முதலில் கால்வைத்தவர் யார் என்ற பேச்சு வராதிருக்கக் கைகோத்து ஒன்றாக இறங்கினார்கள். தோணியில் பெண் ஏறினால் மீன் படாது என்று சொல்லும் கரைகளில் வளர்ந்த நமக்கு இது புதிய கதையா என்ன?

இப்போது அந்தத் தடை இல்லை. செலவுதான் தடை: விமானம், சாப்பாடு, மீட்பு ஏற்பாடு எல்லாம் சேர்த்து, கரையிலிருந்து துருவம்வரை நடக்கப் பல பத்தாயிரம் டொலர் வேண்டும். 2009 அணியே அனுசரணை நிறுவனத்தின் பெயரைத் தாங்கித்தான் போனது.

படம் காட்டிய பிள்ளை விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் படிக்கிறாள். அவளிடம் சொன்னேன்: மங்களா மணி ஒரு அனுசரணையும் தேடவில்லை. அவரை இஸ்ரோ வேலைக்கு அனுப்பியது.