காலுக்கு வைத்த ஸ்டென்ட் இதயத்துக்குப் போகுமா?

கேள்வி: என் மனைவிக்கு 38 வயது. இடது காலில் ரத்தக்கட்டு வந்ததிலிருந்து வீக்கம் வடியவே இல்லை. இடுப்புச் சிரையில் ஸ்டென்ட் வைக்கலாம் என்கிறார் டாக்டர். அது நழுவி இதயத்துக்குப் போய்விடும் என்று உறவினர் பயமுறுத்துகிறார். உண்மையா?
- வாசகர், திருச்சி

பதில்: நடக்கக்கூடியதுதான். ஆனால் அரிது, பெரும்பாலும் தவிர்க்கவும் முடியும்.

தமனிகள் போகப் போகக் குறுகும். அங்கே ஸ்டென்ட் நழுவினாலும் குறுகலான இடத்தில் சிக்கிக்கொள்ளும். சிரைகளில் எல்லாம் நேர்மாறு. ரத்தம் இதயத்தை நோக்கி ஓடுகிறது, பாதையும் அகன்றுகொண்டே போகிறது. ஓடையில் சிக்கியிருந்த மட்டை ஆற்றுக்குள் வந்துவிட்டால் எங்கே நிற்கும்? பிடி தளர்ந்த ஸ்டென்ட்டும் கீழ்ப்பெருஞ்சிரை வழியாக இதயத்தின் வலது மேலறைக்குள் போய்விடும். சிலருக்கு வலது கீழறை, நுரையீரல் தமனி வரை போனதுண்டு.

அங்கே போன உலோக வலை ஒவ்வொரு துடிப்பிலும் உரசும். மூவிதழ் வால்வு சேதமாகி ரத்தம் பின்னோக்கிக் கசியலாம், துடிப்பு தாறுமாறாகலாம். சுவரைத் துளைத்துவிட்டால் இதய உறைக்குள் ரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்து. சிலருக்குக் கழுத்து அல்லது தொடைச் சிரை வழியாகச் சுருக்குக் கம்பி விட்டு எடுத்துவிடுகிறார்கள். வால்வில் சிக்கியிருந்தால் நெஞ்சைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

காலில் வீக்கம் இருக்க, இடுப்பில் ஏன் ஸ்டென்ட்? வலது காலுக்குப் போகும் தமனி இடது இடுப்புச் சிரையை முதுகெலும்போடு சேர்த்து அழுத்துவதை மே, தர்னர் என்ற இருவர் 1957-ல் விவரித்தார்கள். இளம்பெண்களுக்கு இடது காலில் மட்டும் கட்டு வர இது முக்கியக் காரணம். இடுப்புச் சிரைக்கென்றே உருவான 'விசி' என்ற ஸ்டென்ட்டை, நழுவும் அபாயம் இருப்பதாகச் சொல்லி 2021-ல் பாஸ்டன் சயின்டிஃபிக் நிறுவனமே திரும்பப் பெற்றது.

ஆனாலும் முழுப் பழியும் கருவிமேல் இல்லை. வெளியான நழுவல் சம்பவங்களைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நழுவிய ஸ்டென்ட்டுகளில் பெரும்பாலானவை 14 மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த அகலமும், 60 மி.மீ.க்கு மேற்படாத நீளமும் கொண்டவை என்று கண்டார்கள். அளவு தவறினால்தான் ஆபத்து அதிகம். எனவே சிரையின் உள்ளிருந்தே அளக்கும் ஐவஸ் அல்ட்ராசவுண்ட் செய்வார்களா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

டயாலிசிஸுக்காக நெஞ்சுச் சிரையில் வைத்த ஸ்டென்ட்டும் இப்படி நழுவக்கூடும் என்பதால், அவர்களும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

திடீரென நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, படபடப்பு வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போய், "சிரையில் ஸ்டென்ட் இருக்கிறது" என்பதை முதலில் சொல்லுங்கள். இடம் மாறியிருந்தால் எக்ஸ்ரேயிலும் எக்கோவிலும் தெரிந்துவிடும். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஸ்டென்ட்டின் பெயர், அகலம், நீளம் மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.