மௌஸைக் கழற்றி வை, மருமகனே

மாதாப்பூர், ஹைதராபாத்
ஞாயிறு இரவு

அன்பு மருமகனே,

ஒரு மாநகராட்சியின் இணையதளத்தைப் புதிதாகச் செய்யும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது என்று அக்கா போனில் சொன்னாள். சொத்துவரி, பிறப்புச் சான்றிதழ், குடிநீர் இணைப்பு எல்லாம் அதில் வரப்போகிறதாம். நீ அனுப்பிய மாதிரிப் பக்கத்தையும் பார்த்தேன். மேலே கோபுரப் படம் நகர்கிறது, ஆணையர் சிரிக்கிறார், எல்லாம் லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் "மாற்றுத்திறனாளிகளுக்கான வசதியைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் மாமா" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகுதான் இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்தேன். கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் போய் வாசல் அகலம் போதாது என்றால் கொத்தனார் என்ன சொல்வார் என்று உன் அப்பாவைக் கேள்.

நானும் அப்படிக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவன்தான். இங்கே வந்த புதிதில் ஒரு பொது நிறுவனத்துக்கு விண்ணப்பப் படிவம் செய்தோம். அழகுக்காகப் பெட்டிகளுக்கு மேலே பெயர் எழுதவில்லை. "உங்கள் பெயர்", "பிறந்த தேதி" என்று பெட்டிக்குள்ளேயே சாம்பல் நிறத்தில் மங்கலாகப் போட்டுவிட்டேன், தட்டச்சு செய்தால் அது மறைந்துவிடும். எங்கள் குழுவுக்குப் புதிதாக ஒரு சோதனையாளர் வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். மானிட்டரை அணைத்துவிட்டு, ஹெட்போனில் எனக்கும் ஒரு காதைக் கொடுத்து, என் படிவத்தைத் திறந்தார். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் சொன்னது இவ்வளவுதான்: எடிட், பிளாங்க். டேப் அழுத்தினார். எடிட், பிளாங்க். மறுபடி டேப். எடிட், பிளாங்க். பதினான்கு பெட்டி, பதினான்கு முறை. அவர் கோபப்படவே இல்லை. "அண்ணா, இதில் எனக்குப் பிறந்த தேதி எது, பின்கோடு எது?" என்று மட்டும் கேட்டார். ஒவ்வொரு பெட்டிக்கும் முறையாக லேபிள் எழுதி அதைப் பெட்டியோடு இணைக்க எனக்கு ஆன நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம்.

அவர் பயன்படுத்தியது என்விடிஏ. மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்று பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள். கரன் 2006-ல் தொடங்க, டே சேர்ந்துகொள்ள, இருவருமாக வளர்த்து உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்த மென்பொருள். போனில் என்றால் ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். இவை எதற்கும் உன் கோபுரப் படம் தெரியாது. பக்கத்துக்கு அடியில் நீ எழுதிய குறியீடுதான் தெரியும். தலைப்பைத் தலைப்பு என்று குறித்திருந்தால் தலைப்பு என்று சொல்லும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கிவிட்டுத் தலைப்பு என்று நீ நினைத்துக்கொண்டால் அதுவும் ஒரு சாதாரண வரிதான். படத்துக்கு மாற்று வாசகம் எழுதாவிட்டால் பல நேரம் கோப்பின் பெயரையே வாசித்து உயிரை வாங்கும்.

இப்போது ஊரறிந்த ஒரு கதைக்கு வருகிறேன். 2021 மே மாதம் நீ பள்ளியில் இருந்திருப்பாய். 18 முதல் 44 வயதுக்காரர்கள் கொரோனா ஊசி போட வேண்டுமானால் கோவின் தளத்தில் பதிந்துதான் ஆக வேண்டும் என்று இருந்தது. இடங்கள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். கண் தெரிந்த நாங்களே விரல் நுனியில் உயிரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொரோனா நிலவரத்தைத் தானாக முன்வந்து விசாரித்த உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் சந்திரசூட், நாகேஸ்வர ராவ், ரவீந்திர பட் ஆகியோர் அமர்வு, மே 31 தேதியிட்ட உத்தரவில் அந்தத் தளத்தின் குறைகளை ஒரு சோதனையாளர் மாதிரி வரிசையாக எழுதியது. கேப்ட்சாவுக்கு ஒலி வடிவம் இல்லை. வயது, ஊசியின் பெயர், இலவசமா கட்டணமா என்று பிரிக்கும் வடிகட்டிகளைப் பார்வையற்றோர் பயன்படுத்த முடியவில்லை. எத்தனை இடம் காலி என்று தெரிகிறது, எந்த வயதுக்கு என்று தெரியவில்லை. விசைப்பலகையால் மட்டும் நகர வழியில்லை. நேரம் போதாமல் தளம் வெளியே தள்ளிவிடுகிறது. தகுந்த வண்ண வேறுபாடு இல்லை. ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வடிகட்டிக்குப் பதில் கீழிறங்கும் பட்டியல் வைக்கலாமே என்று யோசனை சொல்ல வேண்டியிருந்தது என்றால் நம் தொழில் எந்த லட்சணத்தில் இருந்திருக்கிறது பார். அந்தப் பத்தியை வெட்டி உன் மேசையில் ஒட்டிவை, வேறு பாடப்புத்தகம் வேண்டாம்.

அதில் கேப்ட்சாவைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். வளைந்து நெளிந்த எழுத்துகளைப் படமாகக் காட்டி "நீ மனிதன்தானா?" என்று கேட்கும் ஏற்பாடு அது. இயந்திரம் வாசிக்கக்கூடாது என்பதே அதன் பிழைப்பு. பார்வையற்றவர் இயந்திரத்தின் வாயால்தானே வாசிக்கிறார்? ஆகவே அவரைத்தான் முதலில் வாசலில் நிறுத்துகிறது. ஒலி கேப்ட்சா வைத்தால் அவருக்கு வழி கிடைக்கும். கண்ணும் காதும் இரண்டும் இல்லாதவருக்கு அதுவும் கிடையாது. உன் தளத்தில் ஓடிபி இருக்கிறதல்லவா, அதற்கு மேல் கேப்ட்சா எதற்கு என்று உன் மேலாளரிடம் கேள். பெரும்பாலும் பழைய தளத்தில் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இருக்காது.

நேரமும் அப்படித்தான். உன் பக்கத்தில் ஐந்து நிமிடம் கழிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் லாக்-அவுட் ஆகிறது, நான் பார்த்தேன். காதால் கேட்டு நிரப்புகிறவருக்கும் கை நடுங்குகிறவருக்கும் ஐந்து நிமிடம் பாதிப் படிவத்துக்குக்கூட வராது. டபிள்யூசிஏஜி என்னும் உலகத் தரம், நேரம் முடிகிறது என்று முன்கூட்டி எச்சரித்து, நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி தர வேண்டும், அதுவும் ஒரு விசையைத் தட்டினால் நீளும்படி, என்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற அளவிலாவது வேறுபாடு வேண்டும் என்பதும் அதில்தான். உன் சாம்பல் எழுத்து தேறாது. காணொளிக்கு வசன வரி போடு, ஆணையர் பேசுவது காது கேளாதவருக்கும் போக வேண்டும்.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு சாபம். மாநகராட்சியில் உனக்கு மூட்டை மூட்டையாகப் பிடிஎஃப் தருவார்கள். பாதி, காகிதத்தை ஸ்கேன் செய்த படம். ஸ்கிரீன் ரீடருக்கு அது வெள்ளைச் சுவர். மீதி, பாமினி அல்லது வானவில் எழுத்துருவில் அடித்தது. பாமினியில் "அம்மா" என்று அடித்த இடத்தில் கணினிக்குத் தெரிவது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிய வித்தை அது. கண்ணுக்குத் தமிழ், காதுக்கு உளறல். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆகவே யூனிகோடில் வராத கோப்பை ஏற்ற மாட்டேன் என்று சொல்ல உனக்குத் தாராளமாக உரிமை உண்டு. பக்கத்தின் மொழி தமிழ் என்று குறியீட்டில் ஒரு வார்த்தை எழுத மறக்காதே. இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைக் கண்டதும் முழி பிதுங்கும், அல்லது மௌனமாகத் தாண்டிப் போகும். இங்கே தெலுங்குக்கும் இதே பாடுதான்.

"சட்டம் ஏதும் இருக்கிறதா மாமா?" என்பாய். இருக்கிறது, தாராளமாக. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி 2009-லேயே வந்தது, 2023-ல் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறியது. அதன் கீழ் 2017-ல் வந்த விதிகளில் 15-ஆம் விதி, இணையதளங்கள் இந்த வழிகாட்டியைப் பின்பற்ற வேண்டும் என்றது. பிறகு ஏன் நடக்கவில்லை? அந்தக் கேள்விக்கு விடை தேடிக் கொடுத்ததில் நான் இருக்கும் இந்த நகரத்துக்குப் பங்குண்டு. ராஜீவ் ரதூரி என்ற பார்வைக் குறைபாடுள்ளவர் 2005-ல் தொடுத்த பொதுநல வழக்கில், நாடு எந்த அளவு மாறியிருக்கிறது என்று ஆராய்ந்து சொல்லும்படி ஹைதராபாத்தின் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் ஆய்வு மையத்திடம் உச்ச நீதிமன்றம் கேட்டது. ஷாமீர்பேட்டையில் இருக்கிறது அந்த வளாகம். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு 2024 நவம்பர் 8 அன்று, சந்திரசூட்டின் கடைசி வேலை நாளில், தீர்ப்பு வந்தது. சட்டம் கட்டாயம் என்கிறது, விதியோ வெறும் பரிந்துரைகளின் கையில் காரியத்தை விட்டுவிட்டது, ஆகவே 15(1) விதி சட்டத்துக்கே முரணானது. பேரம் பேச இடமில்லாத அடிப்படைத் தேவைகளைத் தனியே பிரித்துக் கட்டாய விதியாக்க மூன்று மாதம் கெடு.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு தீர்ப்பு. அமிலவீச்சில் முகமும் கண்களும் சிதைந்த பிரக்யா பிரசூன், வங்கிக் கணக்கு தொடங்கப் போனார். உயிரோடு இருப்பதை நிரூபிக்கக் கேமரா முன் கண்ணைச் சிமிட்டச் சொன்னது அந்த வங்கியின் முறை. அவரால் சிமிட்ட முடியாது. நீதிபதிகள் பர்திவாலாவும் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஆர். மகாதேவனும் அமர்ந்த அமர்வு, டிஜிட்டல் சேவையை அணுகுவதும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி 20 கட்டளைகள் இட்டது.

இதையெல்லாம் உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. "செலவாகும்" என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள், அப்போது உனக்குக் கையில் ஏதாவது இருக்கட்டும் என்றுதான். சிட்னி ஒலிம்பிக்ஸ் கதையையும் வைத்துக்கொள். புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்றவர் 1999-ல் புகார் கொடுத்தார்: அந்தப் போட்டியின் தளத்தில் படங்களுக்கு மாற்று வாசகம் இல்லை, விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக முடியவில்லை, முடிவு அட்டவணைகளைப் படிக்க முடியவில்லை. ஒரு ஆள் ஓராண்டுக்கு மேல் உட்கார வேண்டிய வேலை என்றது ஏற்பாட்டுக் குழு. வாரக் கணக்கில் முடிகிற வேலை என்றார்கள் மகுவயர் தரப்பு நிபுணர்கள். மனித உரிமை ஆணையம் குழுவின் சாக்கை ஏற்கவில்லை. போட்டி தொடங்கும் முன் சரிசெய்யச் சொன்னது, குழு முழுதாகச் செய்யவில்லை, 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கட்ட நேர்ந்தது. ஆரம்பத்திலேயே செய்திருந்தால் ஓராண்டா வாரமா என்ற வழக்காடலுக்கே இடமிருந்திருக்காது.

உன் பக்கத்தின் மேல் மூலையில் ஏ பிளஸ், ஏ, ஏ மைனஸ் என்று மூன்று பட்டன் வைத்திருக்கிறாய். அரசுத் தளம் எல்லாவற்றிலும் இருக்கிறது என்று நீயும் வைத்திருப்பாய். எழுத்தைப் பெரிதாக்க பிரவுசரே போதும், அது தேவைப்படுகிறவருக்குக் கன்ட்ரோலும் பிளஸ்ஸும் உன்னைவிட நன்றாகத் தெரியும். ஸ்கிரீன் ரீடர் எங்கே கிடைக்கும் என்று சொல்லும் தனிப்பக்கம் வேறு. படியை உடைத்துப் போட்டுவிட்டு, கைத்தடி எந்தக் கடையில் விற்கிறது என்று வாசலில் போர்டு மாட்டுவது போல. அந்தப் பக்கத்தைக் கேட்டு வாசிக்கிறவரிடம் அது ஏற்கெனவே இருக்கிறதப்பா. சரிபார்ப்புப் பட்டியலில் டிக் அடிக்கிறவர்களுக்காகச் செய்த வேலை இது. சான்றிதழ் வாங்கிய எத்தனையோ தளங்களை அந்தச் சோதனையாளர் இரண்டு நிமிடத்தில் கைவிட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அதனால் நாளை காலை அலுவலகம் போனதும் மௌஸைக் கழற்றி டிராயரில் போடு. டேப் விசையை மட்டும் வைத்துச் சொத்துவரி கட்டிப் பார். எந்த இடத்தில் நிற்கிறாய் என்று திரையில் கோடு தெரிகிறதா, பாப்-அப்பில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் திணறுகிறாயா என்று கவனி. பிறகு என்விடிஏவை இறக்கிக்கொள். ஹெச் தட்டினால் தலைப்புக்குத் தலைப்பு தாவும், எஃப் தட்டினால் படிவப் பெட்டிக்குப் போகும், இன்சர்ட்டும் எஃப்7-உம் சேர்த்தால் இணைப்புகளின் பட்டியல் வரும். உன் தளத்தில் "இங்கே சொடுக்கவும்" என்று ஒன்பது இடத்தில் இருக்கிறது, அந்தப் பட்டியலில் கேட்டுப் பார்த்தால் எதற்கு எது என்று உனக்கே விளங்காது. இதெல்லாம் நீ செய்து முடித்த பிறகு, உங்கள் ஊரில் பார்வையற்ற ஒருவரை, கை வராத ஒருவரைக் கூப்பிட்டு, உரிய கூலி கொடுத்து, தளத்தை அவர்கள் முன் வை. நீ வாயைத் திறக்காதே, வழிசொல்லத் தோன்றும், நாக்கைக் கடித்துக்கொள்.

என்விடிஏவின் பேச்சு தாங்கவில்லை என்றால் கன்ட்ரோல் தட்டு, நின்றுவிடும். முழுதாக வெளியே வர இன்சர்ட்டும் க்யூவும். இது தெரியாமல் முதல் நாள் நான் கம்ப்யூட்டரின் பிளக்கையே பிடுங்கினேன்.

அன்புடன்,
மாமா